80 பேருக்குப் புகை போட்ட கறி, ஒரே ஒரு ஸ்மோக்கர்: எப்போது ஏற்றுவது?

கத்துக்குட்டி
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த சனிக்கிழமை மதியம் 1 மணிக்கு வீட்டில் விருந்து, 80 பேர். "வெளியில் எதற்குச் சொல்ல வேண்டும், நானே புகை போட்டுத் தருகிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். என்னிடம் இருப்பது கரியில் ஓடும் உருளை ஸ்மோக்கர் (மிதமான சூட்டில் புகை போட்டு வேகவைக்கும் அடுப்பு), பெரிய அளவு, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு தட்டு. இதுவரை அதிகபட்சமாகச் செய்தது ஒரே ஒரு பன்றித் தோள், எட்டுப் பேருக்கு. அதையும் காலை 6 மணிக்கு ஏற்றி, சாயங்காலம் 6க்குப் பரிமாறலாம் என்று கணக்குப் போட்டு, கடைசியில் இறக்கும்போது இரவு ஒன்பதரை. பிள்ளைகள் ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுத் தூங்கிப் போனார்கள். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்த முறை தோளும் கோழிக் காலும் செய்யலாம் என்று நினைக்கிறேன். 20 கிலோ கரி வாங்கியாகிவிட்டது. போதுமா? வெள்ளி இரவே ஏற்றிவிடலாமா, சனி விடியற்காலை எழுந்தால் போதுமா?

ஈரவிறகு
20 கிலோ எலும்போடா, எலும்பு இல்லாமலா? எலும்போடு என்றால் இழுபறிதான்.

கத்துக்குட்டி
கரிக்கு ஏது சார் எலும்பு? மூட்டை, மூட்டை. அடுப்புக் கரி.

ஈரவிறகு
ஓ, இடையின ரகரமா! இந்தப் பொழுதுபோக்கில் மட்டும் ஒற்றை எழுத்து மாறினால் விருந்தே மாறிவிடும். சரி, கரி இருக்கிறது, கறி எவ்வளவு?

அளவுகோல்
அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் தம்பி. பக்கத்தில் வேறு பண்டங்களும் இருக்கும் என்றால் ஆளுக்கு 150 கிராம் வெந்த கறி தாராளம். 80 பேருக்கு 12 கிலோ. ஆனால் இது வெந்த எடை. எலும்போடு தோள் வாங்கினால் நீரும் கொழுப்பும் எலும்பும் போகப் பச்சை எடையில் ஏறக்குறைய பாதிதான் தட்டுக்கு வரும். பலபேர் சறுக்குவது இங்கேதான், கடையில் 12 கிலோ வாங்கிவிட்டு விருந்தில் 6 கிலோவை வைத்துக்கொண்டு முழிப்பார்கள்.

பாதி தோள், பாதி கோழி என்று வைத்துக்கொண்டால் தோள் 12 கிலோ, கோழி முழுக்கால் (தொடையும் காலும் சேர்ந்தது) 50. பன்றி சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று இப்போதே கேட்டுவிடுங்கள், அதைப் பொறுத்துக் கோழியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். குழந்தைகளையும் பெரியவர் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், சும்மா மீந்தாலும் பரவாயில்லை.

நள்ளிரவு
வெள்ளி இரவு 9 மணிக்கு ஏற்று. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார். காலை 10க்கு இறக்கி, போர்த்தி வைத்து, 1 மணிக்குப் பிய். நாங்கள் 15 வருடமாக இப்படித்தான் செய்கிறோம். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

சாம்பல்
நள்ளிரவு அண்ணே, 15 வருடம் செய்தவர் உட்காரலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தோள் செய்தவர் தூங்காமல் கிடந்துவிட்டு மறுநாள் 80 பேரைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டுமா? விடியற்காலை 4 மணிக்குக் கரி தீர்ந்து அனல் 80 டிகிரிக்கு இறங்கினால் எழுப்ப ஆள் யார்?

கத்துக்குட்டி, உங்கள் பழைய கதையிலேயே பதில் இருக்கிறது. ஒரு தோள் 12 மணி நேரம் என்று கணக்குப் போட்டீர்கள், பதினைந்தரை மணி நேரம் ஆனது. நடுவில் கறி ஓரிடத்தில் அசையாமல் நின்றிருக்குமே? உள் வெப்பம் 65இலிருந்து 75 டிகிரிக்குள் எங்கோ போய் மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் வருவதுதான் அது. கறியின் மேல்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வது மாதிரி, அடுப்பு கொடுக்கும் சூட்டை ஆவி கொண்டுபோய்விடுகிறது. கொழுப்பு உருகுவதுதான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் ஸ்மோக்கருக்குள் ஒரு ஈரப் பஞ்சையும் ஒரு கொழுப்புக் கட்டியையும் வைத்துப் பார்த்தார். பஞ்சு நின்றது, கொழுப்பு பாட்டுக்குச் சூடேறிக்கொண்டே போனது.

அந்தக் கட்டத்தில் கறியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிட்டால் ஆவி வெளியேற வழியில்லை, வெப்பம் மறுபடி ஏறும். சுற்றாமல் விட்டால் மேல் பொருக்கு நன்றாக வரும், ஆனால் எப்போது முடியும் என்று அடுப்புக்கே தெரியாது. 8 பேர் என்றால் காத்திருப்பார்கள். 80 பேர் காத்திருக்க மாட்டார்கள்.

கத்துக்குட்டி
ஆமாம் சார், 71 டிகிரியில் நான்கு மணி நேரம்! தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் 71 காட்டியது.

சந்தேகம்: ஒரு தோளுக்கே பதினைந்து மணி நேரம் என்றால் நான்கு தோளுக்கு?

சாம்பல்
அதே நேரம்தான், கூட்டிப் பெருக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டின் கனம்தான் நேரத்தை முடிவு செய்யும், மொத்த எடை இல்லை. இரண்டு மட்டும் கவனம். குளிர்ந்த கறி 12 கிலோவை ஒரே நேரத்தில் ஏற்றினால் அடுப்புச் சூடு தடாலென்று விழும், திரும்ப ஏற ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் பயந்துபோய்க் காற்றுத் துளைகளை எல்லாம் திறந்துவிட்டால் அப்புறம் 160க்குப் போய் நிற்கும், இறக்குவது பெரும்பாடு. இன்னொன்று, துண்டுகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஒட்டி வைத்தால் இரண்டும் ஒரே துண்டு மாதிரி ஆகி, வெந்து முடிய அதிக நேரம் எடுக்கும்.

இப்போது ஒரு குறுக்கு வழி. 3 கிலோத் தோளை முழுசாகப் போடாதீர்கள். எலும்பை எடுத்துவிட்டு இரண்டாக வெட்டுங்கள். துண்டு சின்னது என்பதால் 110, 120 டிகிரியில் ஏழு எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெட்டிய பக்கத்திலும் மசாலாவும் புகையும் பிடிக்கும், பொருக்கும் கூடும். எப்படியும் நார் நாராகப் பிய்க்கப் போகிறோம், முழுசாக வைத்து யாருக்குக் காட்ட?

நள்ளிரவு
வெட்டினால் காய்ந்துவிடும்.

சாம்பல்
தோளில் இருக்கிற கொழுப்புக்கும் இணைப்புத் திசுவுக்கும் காயாது. அந்தத் திசுவில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டின் ஆகிறவரை விட்டால் போதும். உள்ளே 93இலிருந்து 96, கம்பியால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்க வேண்டும். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிட அந்தக் கை உணர்வை நம்புங்கள். மாட்டு நெஞ்சுக் கறியாக இருந்தால் வெட்டாதீர்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

பசிச்சவன்
சுற்றிவிட்ட பிறகு புகை உள்ளே போகாதே, அப்புறம் எதற்குக் கரியை வீணாக்கிக்கொண்டு? வீட்டு ஓவனில் தள்ளி 120இல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாமே. (தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

நள்ளிரவு
ஓவனில் வைப்பதென்றால் ஸ்மோக்கரை எடைக்குப் போட்டுவிடலாம்.

அளவுகோல்
எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தாளுக்குள் இருக்கும் கறிக்கு வெளியே எரிவது கரியா மின்சாரமா என்று எப்படித் தெரியும்? தட்டில் சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. செய்தவருக்கு மட்டும் உறுத்தும், அது அவரவர் மனசாட்சி.

நான் சொல்ல வந்தது வேறு. எப்போது ஏற்றுவது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இறக்கிய பிறகு அந்த 12 கிலோவும் எங்கே, எந்தச் சூட்டில் இருக்கப் போகிறது? நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்ப விசேஷத்துக்கு முந்தின நாளே 15 கிலோ செய்து முடித்தேன். அருமையாக வந்தது. எல்லாவற்றையும் பிய்த்து ஒரே ஆழமான அண்டாவில் போட்டு, சாறெல்லாம் ஊற்றி, மூடி, "ஆறட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடுக்களையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கை விட்டால் நடுவில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பரவாயில்லை என்று சூடு காட்டி மதியம் பரிமாறினேன். அன்று இரவு பத்துப் பன்னிரண்டு பேருக்கு வயிற்றைப் பிடித்து முறுக்கி வயிற்றுப்போக்கு. யார் மேலேயும் பழி போட முடியாது, முழுக்க என் தப்பு.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று ஒரு பாக்டீரியா, அதன் வித்துகள் சமைக்கும் சூட்டில் சாகாது. கறி மெதுவாக ஆறும்போது, அதிலும் 43இலிருந்து 47 டிகிரி பக்கம் வரும்போது, படுவேகமாகப் பெருகும். சாப்பிட்ட 6 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். நிறையச் சமைத்து மெதுவாக ஆறவிடும் கூட்டச் சாப்பாட்டில்தான் இது அதிகம் வருவதே. ஒரு தோள் செய்கிறவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அளவு கூடக்கூட ஆபத்து அடுப்பில் இல்லை, அண்டாவில் இருக்கிறது.

அதனால் இரண்டே வழி. ஒன்று, இறக்கியதிலிருந்து பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் கீழே போகவே விடாதீர்கள். இல்லை, சீக்கிரமாகக் குளிரவையுங்கள்: இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரி, அதற்கப்புறம் நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரி. பிய்த்து, இரண்டு விரல்கட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, தட்டுக்கு அடியில் ஐஸ். ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜ். மறுநாள் சூடு பண்ணும்போது 74 டிகிரி தாண்ட வேண்டும். நடுவில் மிதமாக, வெதுவெதுப்பாக வைத்திருப்பது மட்டும் கூடவே கூடாது.

கத்துக்குட்டி
அக்கா, இதைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது, சாப்பிடாமலேயே. என் திட்டமும் அண்டாதான்.

நள்ளிரவு
அளவுகோல் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் ராத்திரி ஏற்றச் சொல்கிறேன். ஒரு பெரிய ஐஸ் பெட்டியில் கொதிநீர் ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள், பிறகு நீரைக் கொட்டிவிட்டுப் பழைய துவாலைகளை விரித்து, தாளில் சுற்றிய கறியை நெருக்கமாக அடுக்கி, மேலேயும் துவாலை போட்டு மூடுங்கள். பெட்டி நிறைய இருந்தால் நான்கு மணி நேரம் கழித்தும் கை வைக்க முடியாத சூடு இருக்கும். பாதிப் பெட்டி காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் ஒரு கறித் துண்டில் தெர்மாமீட்டர் கம்பியைக் குத்தியே விட்டுவிடுங்கள், 60ஐ நெருங்கினால் எடுத்து ஓவனில் வைக்க வேண்டியதுதான். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது இங்கே நேரடியாகவே பொருந்தும், இறக்கிய உடனே பிய்த்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். மறுநாள் சூடு பண்ணிய கறியில் பொருக்கு நமுத்துப்போகும், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

சாம்பல்
நமுக்கும், ஒப்புக்கொள்கிறேன். எடுத்து வைத்த சாற்றைக் கொஞ்சமாக ஊற்றி, தட்டை மூடிச் சூடு பண்ணினால் பொருக்கைத் தவிர வேறு எதுவும் குறையாது. முதல்முறை 80 பேருக்குச் செய்கிறவருக்குப் பொருக்கைவிடத் தூக்கம் முக்கியம்.

வெள்ளிக் காலை 7க்குத் தோள். கரித்தட்டு நிறையப் பற்றாத கரி, மேலே ஒரு கை நிறையப் பற்றிய கரி. மினியன் முறை என்பார்கள், ஜிம் மினியன் என்பவர் பரப்பியது. மேலிருந்து கீழே மெதுவாகப் பற்றிக்கொண்டு இறங்கும், மணிக்கு ஒருமுறை கரி போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். மரக்கட்டை மூன்று நான்கு போதும், நன்றாகக் காய்ந்த, பிசின் இல்லாத மரம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீல நிறத்தில் வருகிறதே, அதுதான் நல்ல புகை. வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கறியை ஏற்றாதீர்கள், நாக்கில் கசக்கும். முதல் நாள் இரவே உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், கிலோவுக்கு 12 கிராம் போல.

சாயங்காலம் 4, 5 மணிக்கு முடியும். தள்ளிப்போய் 7 ஆனாலும் உங்கள் உயிர் போகாது, விருந்து மறுநாள்தானே. சனிக்கிழமை ஸ்மோக்கர் முழுக்கக் கோழிக்கு.

கத்துக்குட்டி
கோழியையும் 110இலேயே போடலாமா?

பசிச்சவன்
போட்டால் தோல் ரப்பர். மென்று மென்று தாடை வலிக்கும். 150, 160க்கு ஏற்றுங்கள், ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் ஆகிவிடும். 74 டிகிரியில் பத்திரம்தான், ஆனால் தொடைக்கறி 80க்கு மேல் போனால்தான் எலும்பை விட்டு நன்றாக வரும். 25, 25 ஆக இரண்டு முறை போடுங்கள், 9.45க்கு ஒன்று, 11.20க்கு ஒன்று. முதல் சுற்றை ஓவனில் 80இல் மூடி வைக்கலாம்.

அடுப்பில் எந்தப் பக்கம் சூடு அதிகம் என்று தெரியுமா? தெரியாவிட்டால் முந்தின நாள் காலி அடுப்பில் தட்டு நிறைய ரொட்டித் துண்டுகளைப் பரப்பி ஐந்து பத்து நிமிடம் மூடி வைத்து எடுங்கள். எங்கே கருகியிருக்கிறதோ அங்கே சூடு அதிகம். மூடியில் இருக்கும் மீட்டரை நம்பாதீர்கள், கறி இருப்பது தட்டில், மீட்டர் இருப்பது கூரையில்.

ஈரவிறகு
உறவினர் யாராவது ஒருவர் கோழியைப் பிளந்து பார்த்து "உள்ளே சிவப்பாக இருக்கிறதே, வேகவில்லை" என்பார். தயாராக இருங்கள். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து வரும் நிறம் அது. விளக்கம் எல்லாம் எடுபடாது, அவர் கண்ணெதிரே தெர்மாமீட்டரைக் குத்திக் காட்டுவது ஒன்றுதான் வழி.

அப்புறம் ஒன்று, விளையாட்டில்லாமல் சொல்கிறேன். மழை வந்தால் ஸ்மோக்கரை வண்டிக் கொட்டகைக்குள்ளோ மூடிய வராந்தாவுக்குள்ளோ தள்ளாதீர்கள். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், வாசனையே இருக்காது. மழை வந்தால் நனையட்டும்.

கத்துக்குட்டி (ஞாயிறு)
எல்லோருக்கும் கும்பிடு. முடிந்தது, எல்லோரும் நலம், இந்த நிமிடம்வரை ஒரு வயிறும் புகார் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். தோளை எட்டாக வெட்டி வெள்ளிக் காலை 7.10க்கு ஏற்றினேன். சாம்பல் சார் சொன்ன மாதிரியே அனல் விழுந்தது, 118இல் இருந்தது 84. கை துறுதுறுவென்றது, துளையைத் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஐம்பது நிமிடத்தில் தானாகவே 112க்கு வந்தது. மதியம் பார்த்தால் ஒரு துண்டு மட்டும் 88 காட்டுகிறது, மற்றதெல்லாம் 67. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் கம்பியின் நுனி கறியைத் துளைத்து வெளியே வந்து காற்றில் நிற்பது தெரிந்தது. 70இல் தாளில் சுற்றினேன். ஐந்து துண்டு 4 மணிக்கு ஆனது, மூன்று 6.15 வரை இழுத்தது. ஒரே அடுப்பு, ஒரே மாதிரி துண்டு, ஏன் என்று கேட்காதீர்கள்.

நான் யோசிக்காமல் விட்டது ஃப்ரிட்ஜ். பிய்த்துப் பரப்பினால் ஆறு தட்டு, ஃப்ரிட்ஜில் இடம் இரண்டுக்குத்தான், பாக்கி எல்லாம் பழரசமும் இனிப்பும். ஐஸ் மேலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து நன்றாகக் குளிரவைத்து, பைகளில் தட்டையாக அடைத்து, நள்ளிரவு அண்ணன் சொன்ன ஐஸ் பெட்டியில் கொதிநீருக்குப் பதில் ஐஸைக் கொட்டி அதற்குள் புதைத்தேன். அக்கா சொன்ன 5 டிகிரிக்கு 9.40க்கு வந்தது. குறித்து வைத்திருக்கிறேன், அவ்வளவு பயம்.

கோழி இரண்டாம் சுற்று 20 நிமிடம் தாமதம், யாரும் கவனிக்கவில்லை. மாமா ஒருவர் சரியாகக் காலைப் பிளந்து "சிவப்பாக இருக்கிறதே" என்றார். குத்திக் காட்டினேன், 83. அதற்கப்புறம் தெர்மாமீட்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் தட்டில் எல்லாம் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவு
பொருக்கு?

கத்துக்குட்டி
நமுத்துத்தான் போனது அண்ணே. கடைசியில் தட்டை மூடாமல் பத்து நிமிடம் ஓவனில் விட்டதில் கொஞ்சம் திரும்பி வந்தது. அடுத்த முறை 20 பேர்தான், அப்போது நாற்காலி போட்டு உட்காருகிறேன்.

அளவுகோல்
மீந்தது எவ்வளவு? அளவு சரியாக இருந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கத்துக்குட்டி
கரி 7 கிலோ மீதி. கறி இல்லை.

ஈரவிறகு
இரண்டு எழுத்தும் சரி.